மறுப்பா, மௌனமா? எட்டாத லினக்ஸ் சர்வர் தரும் தடயங்கள்

"சைட் வரவில்லை" என்று போன் வந்தவுடன் பல இடங்களில் முதலில் நடப்பது சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுதான். சில நேரம் அதிலேயே சரியாகியும் விடும், அதனால்தான் அந்தப் பழக்கம் போவதே இல்லை. ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் எந்த ப்ராசஸ் தொங்கிக்கொண்டிருந்தது, எந்த இணைப்புகள் பாதியில் நின்றன, எதை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் ஃபயர்வால் அப்போது எந்த விதிகளோடு ஓடியது என்ற தடயமெல்லாம் அழிந்துவிடும். யாரோ கையால் சேர்த்துவிட்டுச் சேமிக்காமல் போன ரூட் (தகவல் போகும் வழி) ஒன்றும் கூடவே காணாமல் போனால், ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, எப்படி வரவில்லை என்பது. நாம் ஒருவரை போனில் கூப்பிடும்போது "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வருவதும், "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று வருவதும், மணி அடித்துக்கொண்டே இருப்பதும் ஒன்றில்லை. நெட்வொர்க்கும் இதே போலத்தான், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறது. பிரவுசர் அதையெல்லாம் ஒரே சோக முகத்துக்குள் அடக்கிவிட்டு, உண்மையான காரணத்தைக் கீழே சின்ன எழுத்தில் போடுகிறது. டெர்மினலில் ஒரு சைட்டைத் திறந்து பார்க்கும் கர்ல் கட்டளை இந்த விஷயத்தில் நேர்மையானது. அது முடியும்போது தரும் எண்ணே பாதி விடை: 6 என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் முகவரி கிடைத்தது ஆனால் இணைய முடியவில்லை, 28 என்றால் காத்திருந்தே நேரம் போய்விட்டது, 60 என்றால் சைட்டின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டை நம்ப முடியவில்லை. நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன. 60 வந்த பிறகும் ஒருவர் உட்கார்ந்து ரூட்டிங் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

பெயரும் முகவரியும்

பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் கோளாறு என்றால் எளிதாகத் தெரிந்துவிடும், எளிதாகச் சரியாகாது. டொமைன் புதுப்பிக்க மறந்துபோவது, பழைய முகவரியே பதிவில் இருப்பது, இரண்டுமே இதில் வரும். அமேசான் கிளவுடில் இரண்டாவதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. அங்கே வாடகைக்கு எடுக்கும் ஒரு இசி2 சர்வரை ரீபூட் செய்தால் பொது ஐபி மாறாது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் மாறிவிடும், எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான முகவரியை இணைத்திருந்தால் ஒழிய. "நிறுத்தித் திறந்தேன், அவ்வளவுதான்" என்று சொல்பவருடைய சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். உலகம்தான் இன்னும் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதைப் பார்க்கும்போது டிக் கட்டளையை மட்டும் நம்பக் கூடாது. அது நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும், கணினியிலேயே பெயரையும் முகவரியையும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை. பிரவுசரும் மற்ற மென்பொருள்களும் பார்க்கும். டெஸ்டிங்குக்காக யாரோ என்றோ அந்தக் கோப்பில் எழுதிவைத்த ஒரு வரி, ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் "சைட் வரவில்லை" என்று காட்டுவது சகஜம். கெட்என்ட் கட்டளையில் ஹோஸ்ட்ஸ் என்று கொடுத்துப் பெயரைக் கேட்டால், அந்த இயந்திரம் உண்மையில் எந்த முகவரியை எடுத்துக்கொள்கிறது என்பது தெரியும்.

பெயர் கிடைக்கவில்லை என்பதாலேயே கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கிறது என்றும் முடிவு கட்டக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரம் இரவு 9 மணிக்கு மேல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க நின்றன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது டிஎன்எஸ் பிரச்சினை. பெயருக்கு முகவரியே வரவில்லை. உண்மையில் நடந்தது வேறு. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அங்கே இருந்த டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரை எட்ட முடியாவிட்டால் "நம்மிடம்தான் ஏதோ கோளாறு" என்று கருதி, தங்களை எட்டும் வழியை இணையத்துக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் தாங்களே விலக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. எல்லாம் ஒரே நேரத்தில் அப்படியே செய்தன. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றுக்குப் போகும் வழிதான் இணையத்திலிருந்து மறைந்தது. மீண்டு வர சுமார் 6 மணி நேரம் ஆனது. உள்ளே வேலை பார்க்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவருக்கும் இதில் நேரடியாக உதவும் விஷயம் ஒன்று உண்டு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் நின்றுபோனால் உள்ளே போக இன்னொரு வாசல் வேண்டும். அது ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோல். அதன் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பது பிரச்சினை வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மறுப்பும் மௌனமும்

முகவரி சரி, இணைப்புதான் கிடைக்கவில்லை என்றால், கர்ல் காட்டும் வாசகத்தைக் கவனியுங்கள். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று உடனே வந்தால் உண்மையில் அது நல்ல செய்தி. நாம் அனுப்பிய தகவல் துண்டு, அதாவது பாக்கெட், சர்வர் வரை போய், "இந்த போர்ட்டில் யாரும் இல்லை" என்று அங்கிருந்தே ஒரு ரீசெட் பாக்கெட் திரும்பி வந்திருக்கிறது. (போர்ட் என்பது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்.) கேபிள், ரூட்டர், கிளவுட் ஃபயர்வால் எல்லாவற்றையும் அந்தப் பாக்கெட் தாண்டிவிட்டது. இனிமேல் பார்க்க வேண்டியது சர்வருக்குள்ளே: வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி ஓடுகிறதா, ஓடினால் எந்த முகவரியில் காதுகொடுத்துக் காத்திருக்கிறது?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலர் இடறுவார்கள். எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகளோடு கொடுத்தால், எந்த ப்ராசஸ் எந்த முகவரியிலும் போர்ட்டிலும் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் 0.0.0.0:80 என்று இருந்தால் எல்லா ஐபிவி4 முகவரிக்கும் திறந்திருக்கிறது. 127.0.0.1:8000 என்று இருந்தால் அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும்தான் பேச முடியும். பைத்தானில் வெப் செயலி எழுத உதவும் ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வர் இயல்பாகவே இப்படித்தான் எழும். சர்வருக்குள் எஸ்எஸ்எச்சில் போய் கர்ல் அடித்தால் பக்கம் அழகாக வரும், வெளியிலிருந்து அடித்தால் மறுப்பு. "உள்ளே வருகிறது, வெளியே வரவில்லை, அப்போது ஃபயர்வால்தான்" என்று தவறான முடிவுக்குப் போய் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவைப்பவர்கள் உண்டு. அணைத்தாலும் மறுப்புதான் வரும். அணைத்ததைத் திரும்பப் போட மறந்ததுதான் மிச்சம்.

மௌனம் வேறு மாதிரி. கர்சர் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எதுவும் வராது, கடைசியில் "டைம்ட் அவுட்". அனுப்பிய பாக்கெட்டை யாரோ வழியில் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள் என்று பொருள். பதில் வராதபோது லினக்ஸ் மறுபடி மறுபடி முயலும். பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கு, 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி ஆறு முறை மறுபடி அனுப்பி, மொத்தம் 127 நொடிக்குப் பிறகு கைவிடுவது. அண்மைக் கால கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) இந்த வரிசை கொஞ்சம் மாறியிருக்கிறது. எப்படியானாலும், மறுப்பு கண் இமைப்பதற்குள் வரும், மௌனம் நிமிடக் கணக்கில் இழுக்கும். கடிகாரத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

மௌனத்துக்கு முதல் சந்தேகம் ஃபயர்வால். அமேசானின் கிளவுட் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப் நாம் திறக்காத எல்லா போர்ட்டுக்கும் இப்படித்தான் பதிலே சொல்லாது. உபுன்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ ஓடினாலும் இயல்பு நிலையில் அதே மௌனம்தான். ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸில் ஃபயர்வால்டி இருந்தால் கதை மாறும். அது பாக்கெட்டை மௌனமாகப் போடாமல், "நிர்வாகி தடைசெய்திருக்கிறார்" என்று ஒரு ஐசிஎம்பி (நெட்வொர்க் நிலையைச் சொல்லும்) செய்தி அனுப்பும். நம் பக்கத்து லினக்ஸ் அந்தச் செய்தியை "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று மொழிபெயர்த்துக் காட்டும். பார்ப்பவர் ரூட்டிங்கே போய்விட்டது என்று பதறி ரூட்டரைப் போய்ப் பார்ப்பார். வழி நன்றாகத்தான் இருக்கிறது, வாசலில்தான் தடை. ஆரக்கிள் கிளவுடில் உபுன்டு போட்டவர்கள் இதை நிறையவே பார்த்திருப்பார்கள். வெப் கன்சோலில் சைட்டுக்கான 80, 443 போர்ட் இரண்டையும் திறந்த பிறகும் இதே வாசகம் வரும். காரணம், அவர்கள் தரும் உபுன்டு இமேஜுக்குள்ளேயே லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் விதிகள் தயாராக இருக்கின்றன. எஸ்எஸ்எச் தவிர மற்றதையெல்லாம் அவை மறுக்கும். பூட்டு இரண்டு, நாம் திறந்தது ஒன்று.

பக்கத்திலேயே, ஒரே லேனில் (உள்ளூர் நெட்வொர்க்கில்) இருக்கும் இயந்திரத்துக்கு "நோ ரூட் டு ஹோஸ்ட்" சில நொடி தாமதித்து வந்தால் மட்டும் பொருள் வேறு. "இந்த முகவரி யாருடையது" என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதில் இல்லை, அந்த இயந்திரமே அணைந்திருக்கலாம் அல்லது கேபிள் கழன்றிருக்கலாம்.

மறுப்பு என்றால் போர்ட்டில் ஆள் இல்லை என்ற கணக்குக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. தப்பான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் இயல்பு அமைப்பில் ஒரு ஐபியைத் தடைசெய்யும்போது மௌனமாகப் போடாது, "போர்ட் எட்டாது" என்ற செய்தியை அனுப்பும். அது நமக்கு "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்றே தெரியும். ஆபீஸில் ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால் போதும். ஆபீஸ் முழுக்க ஒரே பொது ஐபி என்பதால் எல்லோருக்கும் எஸ்எஸ்எச் அடைபடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் மட்டும் வரும். 10 நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும், யாரோ நடுவில் செய்த ரீஸ்டார்ட்டுக்குப் புகழ் போய்ச் சேரும்.

பிங் சொல்வதும் சொல்லாததும்

ஒரு இயந்திரம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் பழைய கருவி. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் அதை எழுதினார். அதற்குப் பதில் சொல்வது சர்வரில் ஓடும் வெப் மென்பொருள் இல்லை, கெர்னல். இதை மறந்துவிட்டுத்தான் "பிங் வருகிறது, ஆனாலும் சைட் வரவில்லையே" என்று வியப்பார்கள். என்ஜின்எக்ஸ் செத்துக் கிடந்தாலும், மெமரி தீர்ந்து டேட்டாபேஸைக் கெர்னல் கொன்றிருந்தாலும், டிஸ்க் நிரம்பிவழிந்தாலும் பிங் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். மறுபக்கம், பிங் வரவில்லை என்பதும் எதையும் நிரூபிக்காது. புதிதாக உருவாக்கிய செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பிக்கு அனுமதியே இருக்காது, சைட் மட்டும் அருமையாக ஓடும். 443 வருகிறதா என்று அறிய 443-ஐத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஐசிஎம்பியை "பாதுகாப்புக்காக" மொத்தமாக அடைப்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 1500 பைட். பிராட்பேண்டில் வரும் பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் போய் 1492 ஆகிவிடும், வயர்கார்டு விபிஎன் டனலில் வழக்கமாக 1420. வழியில் இப்படி ஒரு குறுகலான இடம் வந்தால், "இவ்வளவு பெரியது போகாது, சின்னதாக்கி அனுப்பு" என்று அங்கிருக்கும் ரூட்டர் ஐசிஎம்பி மூலமாகத்தான் சர்வருக்குச் சொல்லும். அதை அடைத்துவிட்டால் சர்வர் பெரிய பாக்கெட்டையே அனுப்பிக்கொண்டிருக்கும், அது போய்ச் சேரவே சேராது. அறிகுறி விசித்திரமானது: பிங் வரும், இணைப்பு கிடைக்கும், சின்னப் பக்கம் திறக்கும், படம் நிறைந்த பக்கம் பாதியில் உறையும், எஸ்எஸ்எச் சாவி பரிமாறும் கட்டத்தில் நின்றுபோகும். அதுவும் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1400 மட்டும் போகிறதென்றால் நோய் பிடிபட்டுவிட்டது.

பாக்கெட்டையே பார்ப்பது

மௌனத்தில் மாட்டிக்கொண்டு எங்கே விழுகிறது என்று தெரியாதபோது, வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போல் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி வேறில்லை. கன்சோல் வழியாக சர்வருக்குள் போய், 443 போர்ட்டைக் கவனிக்கும்படி அதை ஓடவிட்டு, வெளியே மொபைலில் சைட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஐபிடேபிள்ஸுக்கு முன்பே பார்த்துவிடும் என்பது. அதனால் விடை தெளிவாகப் பிரியும். இணைப்பு கேட்டு முதலில் வரும் சின் பாக்கெட்டே தெரியவில்லையா? சர்வரைத் தொடவே வேண்டாம், கோளாறு அதற்கு வெளியே, கிளவுட் ஃபயர்வாலிலோ டிஎன்எஸ்ஸிலோ இருக்கிறது. சின் தெரிகிறது, பதில் போகவில்லையா? உள்ளூர் ஃபயர்வால் தின்றிருக்கலாம். சின்னும் வருகிறது, பதிலும் போகிறது, ஆனால் எதிர்முனைக்குச் சேரவில்லையா? அப்போது திரும்பிப் போகும் பாதையில் சிக்கல். அமேசானில் நெட்வொர்க் ஏசிஎல் என்ற இன்னொரு ஃபயர்வால் இப்படிச் செய்யும். அது இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளாது, உள்ளே விட்டதற்காகவே வெளியே விடாது. திரும்பும் பதிலுக்கான உயர்ந்த போர்ட் எண்களைத் தனியாகத் திறக்க வேண்டும்.

சின் வந்தும் பதில் இல்லை, ஃபயர்வாலிலும் ஒன்றும் இல்லை என்ற நிலையில் நான் அடுத்துப் பார்ப்பது, மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓடவைக்கும் டாக்கர் இருக்கிறதா என்பதை. டாக்கர் நிறுவியவுடன் 172.17.0.0/16 என்ற முழு வரிசையையும் தன் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜுக்கு எடுத்துக்கொள்ளும். டாக்கர் கம்போஸ் மூலம் புதிய நெட்வொர்க்குகள் உருவாக உருவாக 172.18, 172.19 என்று நீண்டுகொண்டே போகும். ஆபீஸ் நெட்வொர்க்கோ விபிஎன்னோ அதே வரிசையில் இருந்தால், ஆபீஸிலிருந்து வரும் பாக்கெட் சர்வரை ஒழுங்காக அடையும். சர்வர் பதிலை எழுதி, "172.18 என்றால் நம் வீட்டுக்குள்தானே" என்று டாக்கர் பிரிட்ஜுக்குள் தள்ளிவிடும். உலகத்தில் எல்லோருக்கும் சைட் வரும், விபிஎன்னில் இருக்கும் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் வராது. யாரும் நெட்வொர்க்கைத் தொடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள், உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு புதிய கன்டெய்னரைத்தான் ஏற்றியிருப்பார்கள். ஐபி ரூட் கெட் என்று போட்டு ஆபீஸ் இயந்திரத்தின் முகவரியைக் கொடுத்தால், பதில் எந்த வழியாகப் போகிறது என்று ஒரே வரியில் வந்துவிடும். தீர்வு, டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் அதற்கென்று வேறு முகவரி வரிசை ஒதுக்குவது.

கூட்டம் அதிகமான சர்வரில் மட்டும் விட்டுவிட்டு வரும் மௌனத்துக்கு, கெர்னல் லாகில் "கான்ட்ராக் டேபிள் (இணைப்புகளின் பட்டியல்) நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கீழே போடுகிறேன்" என்ற வரி இருக்கிறதா என்று தேடினால் போதும்.

சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை

"என் போனில் வரவில்லை, ஆபீஸ் வைஃபையில் வருகிறது" என்று ஒருவர் சொன்னால் ஐபிவி6-ஐ (இணைய முகவரியின் புதிய வகை, பழையது ஐபிவி4) நினையுங்கள். 2016-இல் தொடங்கிய ஜியோவின் மொபைல் நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6 வழியாகத்தான் ஓடுகிறது. பல ஆபீஸ் இணைப்புகள் இன்னும் ஐபிவி4 மட்டும். டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரியைத் தரும் ஏஏஏஏ பதிவு இருந்து, என்ஜின்எக்ஸ் ஐபிவி4-இல் மட்டும் காத்திருந்தாலோ, ஐபிவி6-க்கான ஃபயர்வால் விதியை எழுத மறந்திருந்தாலோ, கோளாறு ஆளுக்கு ஆள் மாறும். பிரவுசர்கள் இதைப் பெரும்பாலும் மறைத்துவிடும், ஒன்று தாமதமானால் கால் நொடியில் இன்னொன்றை முயலும். அந்தப் பொறுமை எல்லா மென்பொருளுக்கும் இருக்காது. பேமென்ட் கேட்வேயிலிருந்து வரும் தகவல் மட்டும் தவறிக்கொண்டிருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். கர்லுக்கு 4 என்றும் 6 என்றும் தனித்தனியாகச் சொல்லி இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

சைட்டுக்கு முன்னால் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் சர்வர் நிற்கிறதென்றால், மேலே சொன்ன மறுப்பும் மௌனமும் எண்களாக உருமாறி வரும். அப்படி ஒரு ப்ராக்ஸியான கிளவுட்ஃப்ளேர் 521 காட்டினால் மூல சர்வர் மறுத்தது, 522 என்றால் மௌனம், 525 என்றால் எஸ்எஸ்எல் கைகுலுக்கலில் தகராறு. என்ஜின்எக்ஸின் 502-க்கு எரர் லாகைத் திறந்தால் அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும். 111 என்றால் பின்னால் உள்ள அப்ளிகேஷன் ஓடவில்லை. 13 என்றால் அனுமதி இல்லை. ரெட் ஹேட் குடும்பத்தில் அது அநேகமாக எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு, வெப் சர்வர் வெளி இணைப்பு எடுக்கலாம் என்ற ஒரு பூலியனை (ஆன்-ஆஃப் அமைப்பை) இயக்கினால் தீரும். அதற்காக எஸ்ஈலினக்ஸையே அணைப்பது சோம்பேறித்தனம்.

சர்டிஃபிகேட் காலாவதியானதும் "சைட் வரவில்லை" என்ற பெயரிலேயே வந்து நிற்கும். சர்டிஃபிகேட் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாளுக்கானது. புதுப்பிக்கும்போது டொமைன் நம்முடையதா என்று பார்க்கும் எச்டிடிபி வழிச் சோதனை 80 போர்ட்டில்தான் நடக்கும். எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதே என்று ஒருவர் 80-ஐ அடைத்தால் அன்று ஒன்றும் ஆகாது. வாரங்கள் கழித்து, புதுப்பிக்க முடியாமல் சர்டிஃபிகேட் செத்த பிறகு, அந்த மாற்றத்தை நினைவில் வைத்திருப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

சரி, காரணம் கிடைத்துவிட்டது, திருத்தத்தையும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். உபுன்டுவில் எஸ்எஸ்எச் போர்ட்டான 22-ஐ அனுமதிக்காமல் யுஎஃப்டபிள்யூவை இயக்கினால், இப்போதைய செஷன் தொடரலாம், அடுத்தது கிடைக்காது. அதனால் இருக்கும் செஷனை மூடாமல் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். ஃபயர்வால் விதிகளைத் திருத்தும் முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்ப ஏற்றும் வேலை ஒன்றை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் அட் கட்டளையில் போட்டுவைத்தால், பூட்டிக்கொண்டாலும் கதவு தானாகத் திறக்கும். எல்லாம் சரியென்றால் அந்த வேலையை ரத்து செய்யலாம். ஐபி முகவரியோ கேட்வேயோ மாற்றுவதானால் உபுன்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியில் நெட்ப்ளான் அப்ளை என்று அடிக்காமல் நெட்ப்ளான் ட்ரை என்று அடியுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்கே போய்விடும்.